வாலில் இருந்த தாளம்

கார்ட்டூன் படத்துப் பூனைக்கு எதற்கு வால் வரைகிறார்கள் என்று நம் வயதுக்காரர்களைக் கேட்டால், பூனைக்கு வால் இருக்கிறது, வரைகிறார்கள் என்பார்கள். பத்து வயது வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எழுபதுகளின் கடைசியில் ஒரு மே மாதம், சமயநல்லூர் மிஷன் பள்ளிக்கூடத்து ஹாலில், அது தாளம் போடுவதற்கு என்று தெரிந்துகொண்டேன்.

மதுரையைச் சுற்றி மிஷன் பள்ளிகளில் படித்த உங்களுக்கு அந்த மே மாதங்களை விளக்க வேண்டியதில்லை. முழுப்பரீட்சை முடிந்த கையோடு விடுமுறை வேதாகமப் பள்ளி தொடங்கும். காலையில் கதை, கையை ஆட்டிப் பாடும் பாட்டு, நடுவில் அலுமினிய டம்ளரில் எலுமிச்சைச் சாறு. அந்தச் சாற்றுக்காகவே மாரியம்மன் கோயில் தெருப் பிள்ளைகளும் வருவார்கள். யாரும் தடுத்ததில்லை. பரவையிலிருந்து சிலர் சைக்கிள் கேரியரிலும், நாகமலை புதுக்கோட்டையிலிருந்து சிலர் டவுன் பஸ்ஸிலும் வந்து இறங்குவார்கள். கடைசி நாள் பெற்றோரை உட்கார வைத்து நிறைவு விழா. எங்கள் அப்பா அந்தப் பள்ளியில் கிளார்க். வீடு பள்ளிக்குப் பின்னாலேயே இருந்தது.

அந்த வருடம் எங்கள் வீட்டில் அத்தை பேசாமல் இருந்தாள்.

அத்தை, அப்பாவின் தங்கை. அதே பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கு டீச்சர். சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். அந்தக் கோயில் பாடகர் குழுவில் பெண்கள் வரிசையின் முதல் குரல் அவளுடையதுதான். கிறிஸ்துமஸுக்கு முன்னால் கழுத்தில் ஒரு கழலை வந்து ஆபரேஷன் செய்தார்கள். உடம்பு தேறியது. குரல் வேறாகத் திரும்பி வந்தது. கனமாக, கீழே இறங்கி, ஓரங்களில் மணல் ஒட்டியது போல. ஜனவரியில் ஒத்திகைக்குப் போனாள். பழைய பாட்டைப் பழையபடி எடுத்தாள், இரண்டாவது வரியில் குரல் உடைந்தது. பாடகர் குழு மாஸ்டர் ஆர்மோனியத்தை மூடிவிட்டு, "இப்போதைக்கு ரெஸ்ட் எடும்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் பதில் சொல்லவும் வழியில்லாமல் போயிற்று.

டாக்டர் இரண்டு வாரம் அதிகம் பேச வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அந்த இரண்டு வாரத்தை எங்கள் அம்மா ஐந்து மாதமாக நீட்டிவிட்டாள். வீட்டில் எந்நேரமும் சித்தரத்தை கொதிக்கும் வாசனை. "அத்தைய பேச வைக்காதீக" என்பது எங்களுக்குச் சட்டம். பள்ளியில் அத்தை கரும்பலகையில் எழுதியும் கை தட்டியும் பாடம் நடத்தினாள். பேசப் பேசத்தான் குரல் பழகும் என்று பெரியவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்பினால் ஒரு ஆளை எவ்வளவு தூரம் அமுக்க முடியும் என்பதை நான் பின்னால் யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

பாடகர் குழுவுக்கு வெள்ளைச் சேலை, மெல்லிய நீலக் கரை. கோயிலில் கொடுப்பது. குழுவை விட்டு விலகினால் திருப்பிக் கொடுக்க வேண்டும். அத்தையின் சேலை பெட்டியில் மேலாக இருந்தது, அந்துருண்டை போட்டு. ஏப்ரல் கடைசியில் ஒரு ஞாயிறு, கோயில் வாசலில் மாஸ்டர் அம்மாவிடம் தாழ்ந்த குரலில் பேசினார்.

"அவசரமில்லம்மா. பள்ளிக்கூடம் தொறக்கவும் புதுசா ஒரு பிள்ளை குழுவுல சேருது. அந்தச் சேலைய மட்டும் துவைச்சுக் குடுத்தீகன்னா போதும்."

அம்மா தலையாட்டினாள். நானும் அத்தையும் பின்னால்தான் நின்றிருந்தோம். அத்தையின் கை என் தோளில் இருந்தது. அந்தக் கையின் கனம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அந்த வருடம் படம் காட்ட ஒரு புரொஜெக்டரைக் கொண்டுவந்தார் பெரியப்பா, அப்பாவின் அண்ணன். நாகமலை புதுக்கோட்டை தாண்டி இருக்கும் பல்கலைக்கழகத்தில், படம் காட்டும் பிரிவில் வேலை பார்த்தார். ஏதோ ஒரு தூதரகம் அங்கே இரவல் கொடுத்திருந்த பூனைப் படம் ஒன்றை நிறைவு விழாவில் போடலாம் என்று போதகரிடம் சொல்லி வைத்திருந்தார். வருடாவருடம் மங்கலான சிலைடுகளையே பார்த்த எங்களுக்கு அது பெரிய செய்தி. பச்சை வண்ணப் பெட்டியில் புரொஜெக்டர். கார் சக்கர மூடி போன்ற வட்ட டப்பாக்களில் படச்சுருள். டப்பாவைத் திறந்தால் காடி போல ஒரு புளித்த வாடை வரும்.

வேதாகமப் பள்ளி தொடங்கிய அன்றே ஓட்டிப் பார்த்தார்கள். நல்ல வெயில் நேரம். வகுப்பறைக் கரும்பலகைகளைத் தூக்கிவந்து ஹாலின் ஜன்னல்களில் சாத்தினோம். திரை, அப்பாவின் இரண்டு எட்டுமுழ வேட்டிகள். நடுவில் தையல். திரையைக் கடக்கும் பூனை எதுவானாலும் அந்தத் தையலில் இடுப்பு ஒடிந்துதான் அந்தப் பக்கம் போகும்.

படம் வந்தது. சத்தம் வரவில்லை.

படச்சுருளின் ஓரத்தில் ஓடும் ஒலிக்கோட்டைப் படிக்க ஒரு சின்ன பல்பு உண்டு. அது போய்விட்டது. பெரியப்பா ஊதிப் பார்த்தார், துடைத்துப் பார்த்தார், தட்டியும் பார்த்தார். "மெட்ராஸ்ல இருந்துதான் வரணும். ஜூன்ல வந்தாப் பெரிசு" என்றார். ஜூனில் படம் திரும்பிப் போயிருக்கும்.

சரி, ஓடுகிற வரை ஓடட்டும் என்று விட்டார்கள். பையன்கள் கொஞ்ச நேரம் பொறுத்தார்கள். பிறகு பரவையிலிருந்து வரும் குண்டுப் பையன் தொடங்கினான்.

"பூனைக்கு வாய் வரலையா, மாமா?"

"பாவம்டா, ஊமைப் பூனை!"

ஊளையும் விசிலும் கிளம்பின. போதகர் பின்னால் நின்று பெரியப்பாவிடம், "சிலைடே போட்டுக்குவோம்ணே" என்றார்.

எனக்குப் பக்கத்தில் இருந்த அத்தை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பெஞ்சு விளிம்பில் அவள் விரல் தட்டிக்கொண்டிருந்தது. குனிந்து என் காதில் சொன்னாள்.

"வாலப் பாரு."

படத்தின் கதை எளிது. மூடிப்போன ஒரு நாடகக் கொட்டகையில் வளர்ந்த வயதான சாம்பல் பூனை, ஒரு துறைமுகத்துக்கு வந்து சேர்கிறது. அங்கே மீன் சந்தைப் பூனைகள் ஒரு கூட்டம். அவற்றுக்கு மீன் போடுகிற கிழவரின் படகு ஒருநாள் மூடுபனியில் மாட்டிக்கொள்கிறது. கலங்கரை விளக்கும் அணைந்துவிடுகிறது. பூனைகள் கரையில் வரிசையாக நின்று பாடுகின்றன. பாட்டுச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு படகு கரைக்கு வருகிறது. அவ்வளவுதான்.

ஆனால் வரைந்திருந்த விதத்தைப் பார்க்க வேண்டும். கையால் போட்ட கோடு. உற்றுப் பார்த்தால் கோடு லேசாக நடுங்கும், உயிருள்ள உடம்பு மூச்சு விடுவது போல. தடித்த செம்பட்டைப் பூனையின் வால் முதல் தட்டில் மீன்பெட்டி மேல் விழும். மெலிந்த மூன்று பூனைகளின் வால்கள் அதற்கு இரட்டிப்பாகத் துடிக்கும். சாம்பல் பூனை நீட்டிப் பாடும்போது அதன் வால் அசையாமல் நிற்கும், நுனி மட்டும் மெல்லச் சுருளும். சுருள் முடிந்து விரிந்தால் வரி முடிந்தது என்று அர்த்தம். வரைந்தவர்கள் பாட்டைக் கேட்டுக்கொண்டேதான் வரைந்திருக்க வேண்டும். சத்தம் போன பிறகும் பாட்டு வாலில் மிச்சம் இருந்தது.

சுருள் முடிந்து பையன்கள் எலுமிச்சைச் சாற்றுக்கு ஓடிவிட்டார்கள். அத்தை எழுந்து புரொஜெக்டர் பக்கம் போனாள்.

"பெரியண்ணே, இன்னொருக்கா போடுங்க."

பெரியப்பா நிமிர்ந்தார். அவள் குரலைக் கேட்டே அவருக்கு மாதங்கள் ஆகியிருக்கும். "சத்தம் வராது புள்ள."

"வராட்டி இருக்கட்டும். போடுங்க."

அப்பா குறுக்கே வந்தார். "நீ பேசாதம்மா, தொண்டை..."

"இம்புட்டு நாளா பேசாம இருந்து என்னத்தண்ணே கண்டேன்?"

பெரியப்பா சுருளைத் திருப்பிச் சுற்றினார்.

நம் காலத்தில் நாம் பாதிப் படங்களைக் காதால்தான் பார்த்தோம். கல்யாண வீட்டில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி, படத்தின் கதை வசனத்தை ரிக்கார்டில் போடுவார்கள். திரையில் பார்க்காத படத்தின் வசனம் முழுக்க நமக்குப் பாடம். அத்தை அதைத் தலைகீழாகத் திருப்பினாள். படம் இருக்கிறது, குழாயை நாம் போடுவோம் என்றாள். போதகர் யோசித்துவிட்டு, சாறு குடித்து முடிந்த பிறகான நேரத்தை எங்களுக்குக் கொடுத்தார்.

பூனைகளைப் பங்கு பிரித்தோம். ஊளையிட்ட குண்டுப் பையனுக்குச் செம்பட்டைப் பூனையைக் கொடுத்தாள் அத்தை. தாளத்துக்கு ஒரு பால்பவுடர் டின். அவன் வால் விழும் இடத்தில் டின்னைத் தட்ட வேண்டும். "வாலப் பாத்து அடி. உன் கையப் பாக்காத" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். மெலிந்த மூன்று பூனைகளில் ஒன்று நான். எங்களுக்குக் கிண்ணமும் கரண்டியும். மூன்று பூனைகளும் வாயை விரியத் திறந்து பேசுவதைப் பார்த்துவிட்டு, அவை மீனுக்குச் சண்டை போடுவதாக முடிவு செய்தோம்.

"ஏண்டி, தலை எனக்குன்னு சொல்லி வச்சேன்ல?"

"ஓன் தலைதான் இம்புட்டுப் பெரிசா இருக்கே, இன்னொரு தலை எதுக்கு?"

சாம்பல் பூனை முதல்முதலாகத் துறைமுகத்துக்கு வரும் இடத்தில் செம்பட்டைப் பூனை மீசையை நீவிக்கொண்டு ஏதோ சொல்லும். குண்டுப் பையன் அந்த வாய்க்குக் கச்சிதமாக வசனம் பொருத்தினான். "வாங்க மதினி, நாடகக் கம்பெனியா?" பெரியப்பா சிரித்ததில் புரொஜெக்டர் ஆடியது.

சாம்பல் பூனையின் பாட்டை அத்தை தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. ஏழாவது படிக்கும் ஒரு அக்காவுக்குக் கொடுத்தாள். தேன் போன்ற மெல்லிய குரல் அந்த அக்காவுக்கு. வரிகளும் மெட்டும் அத்தை கட்டியது. வாலின் நீளத்துக்கு வார்த்தை கோத்திருந்தாள். எல்லாம் சரியாக இருந்தும் என்னமோ ஒட்டவில்லை. திரையில் கழுத்துச் சதை தொங்க, பாதிக் கண்ணை மூடி, நெஞ்சிலிருந்து பாடுகிறது பூனை. சத்தமோ பல்லி கத்துவது போல எங்கேயோ மேலே கேட்கிறது.

புரொஜெக்டருக்குப் பின்னாலிருந்து பெரியப்பா சொன்னார். "அந்தப் பூனைக்கு வயசாயிருச்சும்மா. இம்புட்டுக் கீச்சுக்கொரலு அதுக்கு ஒத்து வரல."

குண்டுப் பையன்தான் டின்னை மடியில் வைத்துக்கொண்டு சொன்னான்.

"டீச்சர், நீங்க பாடுங்க. உங்க கொரலுதான் அந்தப் பூனை மாதிரியே இருக்கு."

அந்த அக்கா அவன் தொடையில் கிள்ளினாள். அத்தை அவனையே பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். ஐந்து மாதத்துச் சிரிப்பு. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போடுங்கண்ணே" என்றாள்.

முதலில் பழைய உயரத்தில் எடுத்தாள். உடைந்தது. மறுபடியும் எடுத்தாள், உடைந்தது. மூன்றாவது தடவை திரையிலிருந்த பூனையின் கழுத்தைப் பார்த்துக்கொண்டே, குரல் எங்கே தானாக உட்கார்ந்ததோ அங்கேயிருந்து தொடங்கினாள். அது உடையவில்லை. ஹாலின் சிமெண்டுத் தரை வழியாக என் கால்களில் ஏறியது. எனக்கு அப்போது சுருதி பற்றி ஒன்றும் தெரியாது. இது வேறு ஒன்று என்று மட்டும் தெரிந்தது.

அன்றிலிருந்து வீட்டில் சித்தரத்தைச் சட்டி அடுப்பில் நிலைக்கவில்லை. அம்மா வைத்தாலும் அத்தை இறக்கிவிடுவாள். பெட்டியிலிருந்த வெள்ளைச் சேலையை மட்டும் ஒரு காலையில் எடுத்துத் துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்து வைத்தாள். திருப்பிக் கொடுக்கத்தான். மாஸ்டர் கேட்டதை அவள் மறக்கவில்லை. நிறைவு விழாவுக்கு அவர் வருவார், அங்கேயே கொடுத்துவிடலாம் என்று ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டாள்.

விழா அன்று ஹால் நிறைந்துவிட்டது. காலை ஷிப்ட் முடிந்த மில் தொழிலாளர்கள் நேரே வந்திருந்தார்கள். வயல் வேலைக்குப் போகும் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். கரும்பலகைகளைச் சாத்தியதும் மல்லிகைப்பூவும் வியர்வையும் சூடான புரொஜெக்டரில் கருகும் தூசியும் சேர்ந்து ஒரு வாடை. மாஸ்டர் ஆரம்ப ஜெபப் பாட்டுக்கு ஆர்மோனியம் வாசித்துவிட்டு அப்படியே முன்னால் உட்கார்ந்துகொண்டார். பூனைப் பாட்டுக்கு ஆர்மோனியம் வேண்டும் என்று அவரிடம் நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருக்கவும் மாட்டார்.

மீன் தலைச் சண்டைக்கே கூட்டம் சாய்ந்துவிட்டது. "வாங்க மதினி" வந்தபோது சுவரோரப் பெண்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு மில்காரர், "மாப்ள, இது நம்ம ஊருப் பூனைடா" என்று கத்தினார். குண்டுப் பையனின் டின் ஒரு இடத்திலும் தப்பவில்லை.

பிறகு மூடுபனி வந்தது. கலங்கரை விளக்கு அணைந்தது. சாம்பல் பூனை கரைக் கல்லின் மேல் ஏறி நின்றது. திரைக்குப் பக்கத்தில், இருட்டில், அத்தை தொடங்கினாள்.

*வெளக்கணைஞ்சு போனா என்ன, வழி மறைஞ்சு போனா என்ன,*
*கொரலிருக்கு கரையிலே, கேட்டு வாடா படகே.*

சிரிப்பு நின்றது. ஒரு குழந்தை அழ ஆரம்பித்து, அதுவும் நிறுத்திவிட்டது. பூனைகள் ஒவ்வொன்றாகப் பனிக்குள் மறைந்தன. அப்போது திரை பளீரென்று வெளுத்தது.

படம் அறுந்துவிட்டது. புரொஜெக்டர் பக்கமிருந்து சுருளின் நுனி படபடவென்று அடிக்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. குண்டுப் பையனின் கை அந்தரத்தில் நின்றது. பார்த்து அடிக்க வால் இல்லை. நாங்கள் மூவரும் கரண்டியை இறக்கிவிட்டோம்.

கூட்டத்துக்கு அந்தச் சத்தத்தின் அர்த்தம் தெரியவில்லை. வெள்ளை வேட்டியில் வெள்ளை வெளிச்சம். அது மூடுபனி என்றே நினைத்தார்கள். அதற்குள் எங்கோ படகு இருப்பதாக எல்லோரும் கண்ணை இடுக்கித் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அத்தைக்குத் தெரியும். அவள் ஒருமுறை பெரியப்பா இருந்த பக்கம் பார்த்தாள். அவர் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு படச்சுருளை ஒட்டிக்கொண்டிருந்தார். நிறுத்தியிருக்கலாம். யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தபடி, அந்த இரண்டு வரிகளையே மறுபடியும் எடுத்தாள். இப்போது டின் இல்லை, கிண்ணம் இல்லை, பூனை இல்லை. வெளுத்த துணியும் ஒரு குரலும்தான். இரண்டாவது வரி முடியும்போது, முன்வரிசையிலிருந்து ஒரு ஒற்றைச் சுருதி எழுந்து அவள் குரலுக்கு அடியில் போய் நின்றது. மாஸ்டர் இருட்டில் ஆர்மோனியத்தைத் தடவி, கட்டை கட்டையாகக் கீழே இறங்கி, அவள் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். அதன்பின் அத்தை பாடியதை நான் வர்ணிக்கப் போவதில்லை. சுவரோரம் நின்ற பெண்கள் இடுப்புப் பிள்ளைகளை மாற்றிக்கொள்ளக்கூட இல்லை.

பெரியப்பா சுருளைக் கோத்து மறுபடி ஓட்டினார். வெள்ளைக்குள்ளிருந்து மஞ்சளாக ஒரு புள்ளி. படகு. குண்டுப் பையன் டின்னை ஓங்கி அடித்தான். ஹாலே எழுந்து நின்றது. ஒரு கரும்பலகை ஜன்னலிலிருந்து சரிந்து விழுந்தது, வெயில் உள்ளே பாய்ந்தது, அப்போதும் கைதட்டல் ஓயவில்லை.

கூட்டம் கலைந்ததும் மாஸ்டர் வந்தார். அத்தை துணிப்பையை நீட்டினாள்.

"மாஸ்டர், சேலை. துவைச்சிருக்கேன்."

அவர் அதை வாங்கவில்லை. "நீ ரெண்டு கட்டைல பாடுறம்மா" என்றார். "நான் அஞ்சரைல பாட வச்சுப் பாத்துட்டு, கொரலே போச்சுன்னுட்டேன். எறக்கிப் பாக்கணும்னு எனக்குத் தோணல பாரு."

"எனக்கே தோணல மாஸ்டர். அந்தப் பூனையப் பாத்துத்தான் தோணுச்சு."

மாஸ்டர் தலையைச் சொறிந்தார். "பொம்பளைக வரிசையில இந்தச் சுருதிக்கு எடமில்லையே. ஆம்பளைக பக்கம்தான்..."

"எந்தப் பக்கம்னாலும் நிக்கிறேன். பாட விடுங்க."

"புதுப் பிள்ளைக்குச் சேலை?" என்று அம்மா இழுத்தாள்.

"புதுசு எடுத்துக்கலாம்மா" என்றார் மாஸ்டர்.

பள்ளி திறந்த முதல் ஞாயிறு, கோயிலில் வலது பக்கம், வெள்ளை வேட்டி சட்டைகளுக்கு நடுவே ஒரு வெள்ளைச் சேலை நின்றது. நீலக் கரை. பின்வரிசைகளில் குசுகுசுப்பு எழுந்தது. முதல் கீர்த்தனை தொடங்கியதும் குசுகுசுப்பு தானாக அடங்கியது. அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கும் மேல் அத்தை அந்தப் பக்கமே நின்று பாடினாள். கழுத்துத் தழும்பை முந்தானையால் மூடுவதையும் விட்டுவிட்டாள். மற்றவையெல்லாம் போயின. புரொஜெக்டர் பழைய சாமான்களோடு ஏலத்தில் போனது. படச்சுருள் எந்தத் தேசத்துக்குத் திரும்பியதோ. ஒரே ஒரு காலி டப்பா எங்கள் வீட்டில் தங்கி, அம்மாவின் முறுக்கு டப்பாவாகப் பல காலம் உழைத்தது. திறந்தால் முறுக்கிலும் அந்தக் காடி வாடை லேசாக இருக்கும்.

இந்த வருடம், எங்கள் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் குண்டுப் பையன் ஒரு படத்தை அனுப்பினான். அவன் இப்போது மெலிந்துவிட்டான், பேரன் எடுத்துவிட்டான். "யார்னு தெரியுதா?" என்று மட்டும் எழுதியிருந்தான். விரலால் தொட்டதும் மீன்பெட்டி மேல் ஒரு செம்பட்டை வால் விழுந்தது. முழுப்படம், சத்தத்தோடு.

அதற்கு மேல் நான் தனியாகப் பார்க்கவில்லை. நாகமலை புதுக்கோட்டையில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போனேன். காதுக் கருவியைச் சரி செய்துகொண்டு, நாற்காலியில் சாய்ந்து, போனைக் கையில் வாங்கிக்கொண்டாள். கீழே ஓடிய ஆங்கில எழுத்தைப் படித்தால், வசனமெல்லாம் வேறாக இருந்தது. எங்கள் மூன்று பூனைகளும் மீனுக்குச் சண்டையே போடவில்லை, வானிலை பற்றிக் கவலைப்பட்டன. அத்தைக்கு ஏமாற்றம். "நம்மது நல்லாருந்துச்சு" என்றாள்.

மூடுபனி வந்தது. பாட்டு தொடங்கும் முன்பே அத்தையின் விரல் நாற்காலிக் கையில் தட்டத் தொடங்கியிருந்தது. பின்னணியில் தாளம் வந்து சேர்ந்தபோது, விரலும் தாளமும் ஒன்றாக விழுந்தன. கடைசி வரை ஒரு இடத்திலும் பிசகவில்லை. வாலைப் பார்த்து அவள் எடுத்தது அத்தனையும் சரி. சாம்பல் பூனைக்குப் பாடியவர் பெரிய பாடகியாக இருக்க வேண்டும். பளிங்கு போன்ற, மெல்லிய, மிக உயர்ந்த குரல்.

அத்தை முழுவதும் கேட்டாள். படகு கரை சேர்ந்ததும் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லாத்தான் பாடுறா. ஒரு மூணு கட்டை எறக்கிப் பாடச் சொல்லு."